ஆறாவது கேள்விக்கு நான் எழுதாத பதில்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு நான் ஒரு மணப்பாறை முறுக்கைக் கடித்தேன்.

இடது பக்கம். கீழ்வரிசை. கடைவாய்ப் பல்லால்.

‘இதெல்லாம் ஒரு விஷயமா? இதற்கு ஒரு பத்தியா?’ என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டப் போவது தெரிகிறது. பொறுங்கள். அந்தக் ‘கடக்’ சத்தத்துக்காக நான் ஒன்றரை வருஷம் காத்திருந்தேன். சத்தம் கேட்டதும் எதிரே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சேவியர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “இன்னொரு தடவை கடி, கேப்போம்” என்றார். கடித்தேன். மூன்றாவது கடி எனக்காக. நான்காவது கடிக்கு இன்னொரு முறுக்கை எடுத்தபோது டப்பாவைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார்.

சந்தோஷம் தாங்கவில்லை. கே.கே. நகரில் எங்கள் தெரு முழுக்கப் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் அறுபத்திரண்டு வயதில் வீடு வீடாகப் போய் ‘நான் முறுக்கு தின்றேன்’ என்று சொன்னால் என்ன நினைப்பார்கள்? அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

அதில் ஒரு சிக்கல். இந்தப் பல்லின் கதையைச் சொல்ல வேண்டும் என்றால், இத்தனை நாள் உங்களிடமிருந்து மறைத்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இதே பத்தியில் என் பித்தப்பைக் கல்லைப் பற்றி எழுதியிருக்கிறேன். என் குறட்டையைப் பற்றி எழுதி, அதற்கு நீங்கள் அனுப்பிய கைவைத்தியங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். என் நாத்தனாரைப் பற்றி எழுதி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். இதை மட்டும் எழுதவில்லை.

முதலில் பல்.

அதை உடைத்ததும் மணப்பாறை முறுக்குதான். திண்டுக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மணப்பாறையில் பஸ் நின்றது. ஜன்னல் வழியாக ஒரு பாக்கெட் வாங்கினேன். பஸ் கிளம்புவதற்குள் முதல் முறுக்கு, முதல் கடி. ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்து மூடி போட்டிருந்த பல் அது. இரண்டாகப் பிளந்துவிட்டது. முறுக்கு அப்படியே இருந்தது.

பிளந்ததைப் பிடுங்க வேண்டும். அந்த இடத்தில் இம்பிளான்ட் என்ற செயற்கைப் பல் வைக்கலாம். எங்கே போவது? எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்ரீரங்கத்தில் டாக்டர் ரங்கநாயகி கிளினிக் வைத்திருக்கிறாள். ‘வைத்திருக்கிறாள்’ என்று எழுத எனக்கு உரிமை உண்டு. என் மாணவி.

நான் பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பத்தொரு வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். திருச்சியில் டீச்சராக இருந்தவளுக்கு ஒரு வசதி இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், எந்த பேங்க் கவுன்ட்டரில் நின்றாலும் எங்கிருந்தாவது ஒரு குரல் வரும் – “மிஸ்... என்னை ஞாபகம் இருக்கா?” வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நாற்காலி வரும், காபி வரும். இதில் ஒரு கஷ்டமும் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

ரங்கநாயகி ப்ளஸ் டூ படித்தபோது நான் அழவைத்தவர்களில் ஒருத்தி. பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக அமிலத்தை விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி, அளவைக் குறிப்பார்களே... அதே சோதனையைத் திரும்பச் செய்து, ஒரே அளவு இரண்டு முறை வரும்வரை விடக் கூடாது. இந்தப் பெண் முதல் முறை செய்தாள். இரண்டாவது முறை செய்யாமலே அதே அளவை நோட்டில் எழுதிவிட்டாள். கண்டுபிடித்துவிட்டேன். சிவப்பு மையில் ‘மீண்டும் செய்யவும்’ என்று எழுதி, அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே செய்து முடிக்கும்வரை பக்கத்தில் கைகட்டி நின்றேன். “பாக்காத ரீடிங்கை எழுதறதும் பொய்தான், பாத்த ரீடிங்கை எழுதாம விடறதும் பொய்தான்” என்று அவளிடம் சொன்னேன். எல்லா பேட்ச்சுக்கும் சொல்கிற வசனம்தான்.

அந்தப் பெண்தான் இப்போது வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வாசல்வரை வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனாள். “எங்க மிஸ்” என்று ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் அறிமுகப்படுத்தினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ரிசப்ஷனில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நான்காவது கேள்வியில் ஓர் எழுத்துப்பிழை. என் பேனாவாலேயே திருத்தினேன். பழக்கதோஷம். ஆறாவது கேள்வி – ‘தற்போது எடுத்துக்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தும்’. ‘அனைத்தும்’ என்பதற்கு அடியில் ஒரு கோடு வேறு.

தைராய்டு மாத்திரை என்று எழுதினேன். கால்சியம் என்று எழுதினேன். பேனா அங்கே நின்றது. பிறகு ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் படிவத்தைக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவதாக ஒன்று இருந்தது. மனச்சோர்வுக்கான மாத்திரை. தினமும் காலையில் ஒன்று.

எழுதிவிட்டேன், பாருங்கள். இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று வருஷம் பிடித்திருக்கிறது.

என்ன காரணம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். சேவியர் தங்கமான மனிதர். பென்ஷன் வருகிறது. ஓய்வு பெற்ற மறுவருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பிச் சேலை கட்ட ஆரம்பித்தேன். மூன்று மடிப்பு வைத்தேன். நான்காவது மடிப்பை வைக்கக் கை வரவில்லை. மூன்று மடிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். பூசை முடிந்து பக்கத்து வீட்டுக்காரர்கள் திரும்பி வந்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழுகை இல்லை, வலி இல்லை. ஒன்றுமே இல்லை. இப்படி இரண்டு மாசம். சேவியர்தான் என்னை மனநல டாக்டரிடம் அழைத்துப்போனார். போகிற வழி முழுவதும் “சும்மா பேசிட்டு வருவோம், அவ்வளவுதான்” என்றார்.

அந்த மாத்திரை வேலை செய்தது. ஒரே நாளில் அல்ல, சில வாரங்களில். ஒரு காலை காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்காரரிடம், “மேல நல்லதை அடுக்கிட்டு அடியில சொத்தையைப் போடறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?” என்று நான் சண்டை போட்டேன். பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற சேவியர் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என்னங்க ஆச்சு?” என்றேன். “ஒண்ணுமில்ல. மூணு மாசம் கழிச்சு இன்னிக்கித்தான் என் பொண்டாட்டி கூட மார்க்கெட்டுக்கு வந்திருக்கேன்” என்றார்.

அப்படிப்பட்ட மாத்திரை. அதை நான் என்ன செய்தேன்? ஒளித்து வைத்தேன்.

எங்கள் தெருமுனை மருந்துக் கடைக்காரரின் மகள் என் மாணவி. அதனால் அங்கே வாங்க மாட்டேன். மார்க்கெட்டுக்குப் போகிற சாக்கில் வேறொரு கடையில் வாங்கி, பையில் கத்தரிக்காய்க்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். வந்ததும் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, காலியான ஒரு வைட்டமின் டப்பாவில் போட்டுவிடுவேன். என் நாத்தனார் வந்தால் முதலில் எங்கள் மருந்துப் பெட்டியைத்தான் திறந்து பார்ப்பார். ஒருமுறை, “எனக்கும் உடம்பு அசதியா இருக்கு அண்ணி, ஒரு வைட்டமின் போட்டுக்கறேன்” என்று கையில் எடுத்தே விட்டார். பாய்ந்து பிடுங்கினேன். ‘ஒரு வைட்டமின் மாத்திரை தர மனசில்லாதவள்’ என்ற பெயர் இன்றுவரை எனக்கு அந்தக் குடும்பத்தில் உண்டு.

ரங்கநாயகியிடம் ஏன் சொல்லவில்லை? இதுதான் நான் சொன்ன கஷ்டம். ‘எங்க மிஸ்’ என்று அவள் சொன்னபோது அவள் கண்ணில் ஒரு ஸ்டெல்லா மிஸ் இருந்தாள். சாக்பீஸும் கையுமாக, எதற்கும் அசையாத ஒருத்தி. அந்த மிஸ் மூன்று மடிப்போடு கட்டிலில் உட்கார்ந்திருந்ததை அவளுக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அதோடு, பல்லுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்? அது வாயில், இது எங்கேயோ.

சிறுவயதிலிருந்து பாவசங்கீர்த்தனத்தில் முழந்தாளிட்டுச் சின்னச் சின்னப் பொய்யைக்கூட எண்ணிச் சொல்லி வளர்ந்தவள் நான். பல் டாக்டர் நாற்காலியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பெரிய பொய்யைச் சொன்னேன்.

ஒன்றல்ல, இரண்டு. “வாய் ரொம்பக் காஞ்சிருக்கே மிஸ், தண்ணி குடிக்கறதில்லையா?” என்று அவள் கேட்டாள். அந்த மாத்திரையால் வாய் வறளலாம் என்று என் மனநல டாக்டர் சொல்லியிருந்தார். “முப்பது வருஷமா பேசிப் பேசி காஞ்சு போச்சும்மா” என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பல்லைப் பிடுங்கினாள். புண் ஆறியதும் தாடை எலும்பில் ஒரு சின்ன டைட்டானியம் திருகு. நம்புங்கள், வலியே இல்லை. எலும்பு வளர்ந்து அந்தத் திருகை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு நான்கு மாசம். பிறகுதான் மேலே பல் மூடி. நான்கு மாசமும் சோற்றைக் குழையப் பிசைந்து வலது பக்கமாகவே மென்றேன்.

நான்கு மாசம் முடிந்து போனேன். ரங்கநாயகி ஒரு கருவியை வைத்து மெதுவாகத் திருகிப் பார்த்தாள். அவள் கை அப்படியே நின்றது. மறுபடி பார்த்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அது போதும். பரீட்சையில் தெரியாத கேள்வி வந்தால் இவள் கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“சுத்துது மிஸ்” என்றாள். “எலும்பு பிடிக்கல.”

திருகு கழன்று வந்துவிட்டது. ஒரு சின்னத் தட்டில் ‘டிங்’ என்று விழுந்தது.

எக்ஸ்ரேயைப் பார்த்தாள். ஃபைலைப் புரட்டினாள். “சுகர் இல்ல. எலும்பு நல்லாத்தான் இருந்துச்சு. இன்ஃபெக்‌ஷனும் இல்ல...” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, “சாரி மிஸ். நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன். துளை போடும்போது எலும்பு சூடாயிடுச்சோ என்னவோ. என் கைதான் சரியில்ல” என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன் தெரியுமா? “பரவாயில்லம்மா, போயிட்டு வரேன்.” அவ்வளவுதான். வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

ஜன்னல் சீட் கிடைத்தது. ஆனால் உட்கார முடியவில்லை. அவள் படிவத்தில் இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அது கிடைக்காததால் தன் கையைச் சந்தேகப்படுகிறாள். நாளைக்கு இன்னொருவர் தாடையில் துளை போடும்போது அந்தக் கை நடுங்கினால்? ரீடிங்கை மறைத்தது நான். பழியைச் சுமந்துகொண்டு நிற்பது அவள். பழைய லேபில் இப்படி ஒருத்தியை நான் பிடித்திருந்தால் சும்மா விட்டிருப்பேனா?

பஸ் மாம்பழச் சாலையைத் தொட்டது. அடுத்தது காவிரிப் பாலம். பாலம் ஏறிவிட்டால் நான் திரும்ப மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. “இறங்கணும், நிறுத்துங்க” என்று நான் போட்ட சத்தத்தில் டிரைவர் உண்மையிலேயே பயந்துவிட்டார். ஆட்டோ பிடித்துத் திரும்பினேன்.

ரங்கநாயகி தன் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தயிர்சாதம். ஒரு வாய்கூட எடுத்திருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வகுப்புப் பழக்கம்.

“உக்காரும்மா” என்றேன். “உன் கையில தப்பில்ல. ஆறாவது கேள்விக்கு நான் முழுசா பதில் எழுதல.”

சொன்னேன். மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எவ்வளவு நாளாக, எல்லாமே. வைட்டமின் டப்பாவைக்கூட விடவில்லை. அவள் டிபன் பாக்ஸை மூடி ஓரமாக வைத்தாள். என்னைப் பரிதாபமாகப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. பேனாவைத் திறந்து ஃபைலில் எழுத ஆரம்பித்தாள்.

“பல்லுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்றேன்.

“மிஸ், செரட்டோனின்னு ஒரு கெமிக்கல் இருக்குல்ல...”

“மூளையில இருக்கறது. தெரியும்.”

“மூளையில மட்டும் இல்ல மிஸ். எலும்புலயும் அதுக்கு வேலை இருக்கு. இந்த வகை மாத்திரை அந்த செரட்டோனின் மேலதான் வேலை செய்யுது. அதனால எலும்பு வளர்றது கொஞ்சம் மந்தமாகலாம், இம்பிளான்ட் பிடிக்காமப் போகலாம்னு சொல்றாங்க. எல்லாருக்கும் ஆகும்னு இல்ல. இதனாலதான் உங்களுக்குப் பிடிக்கலன்னும் என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. இந்த மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே இம்பிளான்ட் வச்சு நல்லா இருக்கறவங்க நிறைய பேர். ஆனா தெரிஞ்சிருந்தா நான் வேற மாதிரி பிளான் பண்ணியிருப்பேன். இன்னும் ரெண்டு மாசம் கூட விட்டிருப்பேன்.”

எலும்பில் செரட்டோனினா? எனக்கு நடந்ததெல்லாம் ஒரு நிமிஷம் மறந்துபோய்விட்டது. முப்பத்தொரு வருஷம் வேதியியல் பாடம் நடத்தியிருக்கிறேன். மனம் தனி, உடம்பு தனி என்று ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். அதே மூலக்கூறு இங்கேயும் இருக்கிறது, அங்கேயும் இருக்கிறது என்றால் அந்தக் கோடு எங்கே போகிறது? “எப்படி, எந்த செல்லு, விளக்கமா சொல்லு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அவள் படம் வரைந்து காட்டினாள். படத்தில் பாகங்களைக் குறிக்கவில்லை. அரை மதிப்பெண் குறைத்திருப்பேன்.

படம் முடிந்ததும் நான் சொன்னேன், “சரி. அப்போ மாத்திரையை நிறுத்திடறேன். பல்லு பிடிச்சதும் மறுபடி ஆரம்பிச்சுக்கறேன்.”

அவள் முதல்முறையாக என்னை முறைத்தாள். “அதை மட்டும் செய்யக் கூடாது மிஸ். உங்க டாக்டர் நம்பரைக் கொடுங்க.”

என்னை எதிரே உட்காரவைத்துக்கொண்டே என் மனநல டாக்டரிடம் போனில் பேசினாள். பெற்றோர் கூட்டத்தில் டீச்சரும் அம்மாவும் பேசிக்கொள்ள, நடுவில் விழித்துக்கொண்டு நிற்குமே ஒரு பிள்ளை... அதுபோல உட்கார்ந்திருந்தேன். கடைசியில் போன் என் கைக்கு வந்தது. “நிறுத்தறதா இருந்தா என்கிட்ட கேட்டு, படிப்படியாத்தான் நிறுத்தணும். இப்போ அதுக்கான நேரம் இல்ல. பல்லு காத்திருக்கும்மா. நீங்க நல்லா இருங்க, அது போதும்” என்றார் டாக்டர்.

பஸ்ஸில் திரும்பும்போது பாலத்தின் மேல் நல்ல காற்று.

ஆனாலும் புத்தி போகுமா? இரண்டு நாள் கழித்து, காலையில் வைட்டமின் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டேன். ஒரு வாரம்தான், யாருக்குத் தெரியப் போகிறது? எனக்கு என் பல் வேண்டும். முறுக்கு வேண்டும். சேவியர் காபி கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் அந்த மாத்திரை. நான் கையை நீட்டவில்லை என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஸ்டெல்லா, பல்லு இல்லாத உன்கூட நான் காலம் பூராக் குடித்தனம் பண்ணுவேன். அந்த ரெண்டு மாசம் கட்டில்ல உக்காந்திருந்தியே, அவகூட என்னால முடியாது. எனக்குப் பயமா இருந்துச்சு.”

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவர் ‘எனக்குப் பயமாக இருந்தது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். அன்றே அந்த வைட்டமின் டப்பாவையும் குப்பையில் போட்டேன். இப்போது மாத்திரை அட்டையோடு, பெயர் தெரிய, சாப்பாட்டு மேஜையிலேயே இருக்கிறது. நாத்தனார் வந்தார், எடுத்துப் படித்தார், என்னைப் பார்த்தார். “எனக்கும் ஒரு டாக்டரைச் சொல்லுங்க அண்ணி” என்றார். அன்றுதான் அவரை முதல்முறையாக எனக்குப் பிடித்தது. (இதையும் படிப்பார். படிக்கட்டும்.)

புண் ஆற நான்கு மாசம். பிறகு புதுத் திருகு. இந்த முறை படிவத்தைப் புதிதாகக் கேட்டு வாங்கி, ஆறாவது கேள்விக்கு மூன்று மாத்திரையையும் என் கையால் எழுதினேன். “இந்தத் தடவை ஆறு மாசம் மிஸ், அவசரமே இல்ல” என்றாள் ரங்கநாயகி. தூக்கத்தில் பல்லைக் கடிப்பேனா என்றும் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? சேவியரைக் கேட்டேன். “மாவு மில்லு ஓடற மாதிரி இருக்கும்” என்றார். அதற்கும், இரவில் பல்லில் மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்து கொடுத்தாள்.

ஆறு மாசம். காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்தேன். எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். ரங்கநாயகியின் அம்மா, என்னை நேரில் பார்த்தே இராதவர், பெருமாளிடம் எனக்காகச் சொல்லி வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. காவிரியின் இரண்டு கரையிலும் என் பல்லுக்காக ஆள் பிடித்தாயிற்று.

அந்த நாள் வந்தது. இந்த முறை கருவியால் திருகவில்லை. பேனா போன்ற ஒன்றைத் திருகின் பக்கத்தில் கொண்டுவந்தால், எலும்பு எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதைச் சின்னத் திரையில் எண்ணாகக் காட்டுமாம். என் கை நாற்காலியின் பிடியை நசுக்கிக்கொண்டிருந்தது.

“எழுபத்திரண்டு” என்றாள். “நல்லா இருக்கு மிஸ். ரொம்ப நல்லா இருக்கு.”

நான் வாயைத் திறந்தபடியே விரலைக் காட்டினேன். இன்னொரு தடவை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுபடி வைத்தாள்.

“எழுபத்திரண்டு.”

ஒரே அளவு, இரண்டு முறை. முகக்கவசத்தை இறக்கினாள். அழுகையும் சிரிப்புமாக மூக்கை உறிஞ்சினாள். ப்ளஸ் டூவில் உறிஞ்சிய அதே மூக்கு. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மல்லாந்து படுத்திருந்ததால் கண்ணீர் காதில் இறங்கிற்று.

அடுத்த சில வாரங்களில் மூடி வைத்தாள். கொஞ்ச நாள் மிருதுவானதையே மெல்லச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை முறுக்குக்கு அனுமதி. அதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

இந்தக் கதையை அங்கேயே முடித்திருப்பேன். ஆனால் வெள்ளிக்கிழமை கடைசிச் சோதனைக்காக ஸ்ரீரங்கம் போனேன். ஹாலில் நல்ல கூட்டம். என் பக்கத்தில் நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், மடியில் படிவம். அவருக்கு அந்தப் பக்கம் மாமியார். ‘அத்தை’ என்று கூப்பிட்டதால் தெரிந்தது. அந்தப் பெண்ணின் பேனா மளமளவென்று ஓடி, ஓர் இடத்தில் நின்றது. நான் பார்க்கவே வேண்டியதில்லை. அது எந்தக் கேள்வி என்று எனக்குத் தெரியும்.

“எல்லா மாத்திரையுமே எழுதணுமா?” என்று ரிசப்ஷன் பெண்ணிடம் கேட்டார். “பல்லுக்குச் சம்பந்தமில்லாததுகூடவா?”

“எழுதுங்க மேடம்” என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமலே.

பேனா நகரவில்லை. மாமியார் படிவத்தின் பக்கம் லேசாகச் சாய்ந்தார்.

எனக்குள் இருந்த டீச்சர் எழுந்துவிட்டாள். “எழுதிடுங்கம்மா” என்றேன், கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரலில். “நான் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடறேன். முதல் தடவை அதை எழுதாம மறைச்சேன். தப்பு. டாக்டருக்கு எல்லாம் தெரியணும். எழுதின பிறகுதான் என் பல்லு நின்னுச்சு. செவ்வாய்க்கிழமை முறுக்கு தின்னேன்.”

ஹால் முழுவதும் திரும்பிப் பார்த்தது. கன்னம் வீங்கியிருந்த ஒருவர் வலியை மறந்து பார்த்தார். வானம் இடிந்து விழவில்லை. டிவியில் சமையல் நிகழ்ச்சி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் மட்டும், “அப்படியா மேடம், முறுக்கே கடிக்கலாமா?” என்று என் பக்கம் திரும்பிவிட்டார்.

அந்தப் பெண், பரீட்சையில் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டாமல் எழுதுவது போல, இடது கையால் படிவத்துக்கு ஒரு சுவர் கட்டினார். குனிந்து எழுதினார்.

என்ன எழுதினார்? தெரியாது. முப்பத்தொரு வருஷம் பரீட்சை ஹாலில் நடந்த நான், எட்டிப் பார்க்காத முதல் விடைத்தாள் அது.